பிள்ளைகளோடு சேர்ந்து குட்டிப் படையும் கற்பனை நாடும் கட்டுவது: எங்கிருந்து தொடங்கலாம்?

லீட்ஸ்_அப்பா

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

மகனுக்கு 11 வயது. பள்ளியில் ஒரு பையன் வார்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டைக் கொண்டுவந்து காட்டியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. கடைக்குப் போய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் உயரம்கூட வராத பொம்மைகள், அதுவும் கை வேறு தலை வேறாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெட்டி எடுப்பது, ஒட்டுவது, வண்ணம் பூசுவது எல்லாம் நம் பொறுப்பாம். விலையைப் பார்த்ததும் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மகளுக்கு 7. அண்ணன் செய்வதையெல்லாம் அவளும் செய்ய வேண்டும். ஆனால் படை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. "அந்த ஊர்ல வேற யாரெல்லாம் இருப்பாங்க?" என்றுதான் நச்சரிக்கிறாள். மனைவிக்கு வேறு கவலை: கீபோர்டு, கராத்தே வரிசையில் இதுவும் மாடி அறைக்குப் போய்விடுமா என்று.

நான்கு பேரும் சேர்ந்து செய்ய வேண்டும், பணமும் கரையக்கூடாது. என்ன செய்யலாம்?

தூரிகைக்காரன்

சகோ, பெட்டி அப்புறம். முதலில் தூரிகை.

1/72 அளவில், அதாவது நிஜ ஆளில் 72-ல் ஒரு பங்கு உயரத்தில், மென்பிளாஸ்டிக் வீரர்கள் கிடைக்கும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959-ல் விற்க ஆரம்பித்த வகை, இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. ரோமானியர், நெப்போலியன் காலத்தவர், யானைப்படை என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு பெட்டியில் பெரும்பாலும் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். ஒட்டவே தேவையில்லை. பெரிய கடையின் ஒரு பெட்டி விலையில் இரண்டு தரப்புப் படையும் வீட்டுக்கு வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மென்பிளாஸ்டிக் வளையும், வளைந்தால் வண்ணம் உரியும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து சுலபமாகக் கழலுவதற்காகப் பூசும் எண்ணெய் அதில் ஒட்டியிருக்கும். காய்ந்ததும் வெள்ளைப் பசையை நீர் விட்டு இளக்கி ஒரு பூச்சு, அதன்மேல் அக்ரிலிக் வண்ணம். கடைசியில் ஒரு வார்னிஷ்.

பூச்சு வேலை மூன்றே கட்டம். அடிப்படை நிறங்கள். அப்புறம் வாஷ், அதாவது தண்ணீர் போல இளக்கிய கருப்பு அல்லது பழுப்பு. அது பள்ளங்களில் தானாக ஓடிப்போய் நிழலாகிவிடும். அப்புறம் டிரை பிரஷ்: தூரிகையில் வெளிர் நிறம் தொட்டு, தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் கொஞ்சத்தை மேடுகளில் மட்டும் படும்படி தடவுவது. ஏழு வயதுக் குழந்தைக்கு டிரை பிரஷ் பிரமாதமாக வரும். கை நடுங்கினால்கூடக் கெடாது.

சின்னவள் பூசியதை அவள் தூங்கிய பிறகு நீங்கள் "சரி" செய்யாதீர்கள். காலையில் கண்டுபிடித்துவிடுவாள். அதோடு அவள் கதை முடிந்தது.

பழைய பொருள் சந்தையில் கிடைக்கும் பழங்கால வீரர்கள் ஈயமாக இருக்கக்கூடும், பிள்ளைகள் கையில் தராதீர்கள். 3டி பிரிண்டர் யோசனை இருந்தால், அதில் சில வகைகளில் ஊற்றும் ரெசின் திரவம் கெட்டியாகும்வரை தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் பெரியவர்கள் மட்டும் தொட வேண்டிய சமாச்சாரம் அது.

தாயக்கட்டை

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பையன் கேட்பது பள்ளி நண்பர்களோடு ஆட. அவன் கையில் 1/72 ரோமானியனைக் கொடுத்து அனுப்பினால் யார் அவனோடு ஆடுவார்கள்? வார்ஹாமர் 1983-லிருந்து வருகிறது, அதன் எதிர்கால வடிவம் 1987-லிருந்து. விதி, வரலாறு, கதை, எதிராளி எல்லாம் தயார். அறிமுகப் பெட்டி ஒன்றை வாங்கி அண்ணனும் தங்கையும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். வீட்டிலேயே உலகம் கட்டுகிறேன் என்று கிளம்பியவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். வரைபடத்தோடு நின்றுவிடுவார்கள்.

பழையபெட்டி

லீட்ஸ் அப்பாவின் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் இருக்கும் அதே ஊரில்தான் இந்த மாதிரி ஒரு பெட்டி வாங்கப்பட்டது, 1826 ஜூன் மாதம்.

ஹாவொர்த் கிராமத்துப் பாதிரியார் பாட்ரிக் பிரான்டி (பின்னாளில் நாவலாசிரியர்களான பிரான்டி சகோதரிகளின் அப்பா) லீட்ஸுக்குப் போனவர், மகன் பிரான்வெலுக்கு ஒரு டஜன் மரச்சிப்பாய்கள் வாங்கி வந்தார். அவர் வீடு சேர்ந்தபோது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். மறுநாள் காலை பிரான்வெல் பெட்டியோடு அக்கா தங்கைகளின் அறை வாசலில் போய் நின்றான். சார்லட்டும் எமிலியும் படுக்கையிலிருந்து குதித்தெழுந்தார்கள். சார்லட் ஒன்றைப் பாய்ந்து எடுத்து இவர்தான் வெலிங்டன் பிரபு என்று அறிவித்துவிட்டாள். பிரான்வெல் தன்னுடையதற்கு, அவர் தோற்கடித்த நெப்போலியன் போனபார்ட்டின் பெயரை வைத்தான். சார்லட்டுக்கு அப்போது 10 வயது, கடைக்குட்டி ஆனுக்கு 6. தாய் இறந்து ஐந்து வருடம், மூத்த அக்காக்கள் இருவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்த வீடு அது.

அந்தப் பன்னிரண்டு மரச்சிப்பாய்களும் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போய் கண்ணாடி நகரம் என்று ஒரு தலைநகரைக் கட்டினார்கள். நான்கு பிள்ளைகளும் அந்த நாட்டைக் காக்கும் பூதங்கள். டாலீ, பிரானீ, எம்மீ, ஆனீ என்று தங்கள் பெயரிலேயே. சண்டையில் செத்தவனைப் பூதங்கள் உயிர்ப்பித்துவிடும். அடுத்த சண்டைக்கு ஆள் வேண்டுமே!

நான் சொல்ல வந்தது படையைப் பற்றி அல்ல. 1829 ஜனவரியில் பிரான்வெல் அந்தச் சிப்பாய்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினான். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிளாக்வுட்ஸ் இதழைப் பார்த்துச் செய்தது. அதே வருடம் சார்லட் அதன் ஆசிரியர் ஆகிவிட்டாள். கதை, கவிதை, விளம்பரம் எல்லாம் உண்டு. சிப்பாய் கையில் பிடித்துப் படிக்கிற அளவாக இருக்க வேண்டும் என்பதால் தாள் தீப்பெட்டி அளவுதான், எழுத்து அச்சைப் போல நுணுக்கி நுணுக்கி. பெரியவர்களால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்பது பிள்ளைகளுக்குக் கூடுதல் லாபம். அதில் ஒரு இதழை 2019-ல் பாரிஸ் ஏலத்தில் ஹாவொர்த் அருங்காட்சியகம் 6 லட்சம் யூரோ கொடுத்து மீட்டு வந்தது. ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள், உங்களுக்கு எட்டுகிற தூரம்தான்.

தாயக்கட்டை, வரைபடத்தோடு நின்றுவிடும் என்கிறீர்கள். உண்மைதான், வரைபடம் மட்டும் இருந்தால் நிற்கத்தான் செய்யும். அடுத்த வாரம் பத்திரிகை வர வேண்டும் என்று இருந்தால் நிற்காது. 1845-ல் எமிலியும் ஆனும் யார்க் நகருக்குப் போனபோது வழியெல்லாம் தாங்கள் கற்பனை செய்த கோண்டல் நாட்டுப் பாத்திரங்களாகவே நடித்துக்கொண்டு போனதை எமிலி எழுதி வைத்திருக்கிறாள். அவளுக்கு அப்போது 26 முடிந்து 27 நடக்கப் போகிறது.

தாயக்கட்டை

அக்கா, நீங்கள் சொன்னதே என் கட்சிக்கு வலு சேர்க்கிறது. வெலிங்டன், போனபார்ட் இரண்டு பேரும் அவர்கள் உண்டாக்கிய ஆட்களா? நாளிதழில் வந்த பெயர்கள். பத்திரிகைகூட இருந்த ஒன்றைப் பார்த்துச் செய்ததுதான். அப்படியிருக்கும்போது இந்தக் காலத்துப் பையன் வார்ஹாமர் உலகத்திலிருந்து ஒரு சேனாதிபதியைக் கடன் வாங்கினால் மட்டும் என்ன குறை?

பழையபெட்டி

குறை ஒன்றும் இல்லை. கடன் வாங்கிய பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சில வருடத்தில் வெலிங்டன் ஓரமாகப் போய்விட்டார், அவருடைய மகன் கதாநாயகன் ஆனான். அப்புறம் அவன் சமோர்னா என்ற பட்டத்தோடு அங்க்ரியா என்ற புது நாட்டுக்கே அரசன். பெயர்தான் நிஜ வெலிங்டனின் மகனுடையது, மற்றதெல்லாம் பிள்ளைகளின் கற்பனை. "அப்படி மாற்றக்கூடாது, புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இன்றைக்கு இருக்கிற உலகங்களில் அப்படிச் சொல்ல ஆயிரம் பேர் இணையத்தில் காத்திருக்கிறார்கள். பதினொரு வயதுப் பையன் அதைக் கேட்டு அடங்கிவிடுவான். என் பயம் அதுதான்.

இன்னொன்று, சின்னவளுக்காக. 1831-ல் சார்லட் வெளியூர்ப் பள்ளிக்குப் போனதும் எமிலியும் ஆனும் அண்ணன் அக்கா நாட்டிலிருந்து பிரிந்து போய்விட்டார்கள். வட பசிபிக்கில் தனித் தீவு, அதுதான் கோண்டல். மூத்தவர்கள் நாட்டில் தங்களுக்கு வாய்ப்பு இல்லை என்று நினைத்திருப்பார்கள் போல. ஆகவே, லீட்ஸ் அப்பா, ஆரம்பத்திலேயே மகளுக்குத் தனி நிலம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வன்னிமரம்

நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப் போகிறேன், குறை நினைக்காதேங்கோ. டொரொண்டோவில் இருக்கிறேன், 90களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆள். ஆமி எந்தப் பக்கத்தால் வருது, எந்த றோட்டு மூடியிருக்கு என்று பெரியாக்கள் நிலத்தில் கோடு கீறிக் கதைத்ததைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சாப்பாட்டு மேசையில் படை அடுக்க மனம் வராது. என்ர மகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் லெகோ ஆட்களை வைத்து அறைக்குள் ஒரு நாடு வைத்திருக்கிறாள் என்று இப்பதான் தெரிய வந்தது. அங்கேயும் சண்டை இருக்கு. தோற்ற பக்கம் எங்கே போனது என்று கேட்டேன். "அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றாள். வீடு எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் அந்த நாட்டில் வீடு என்று ஒன்று இல்லை.

படை இல்லாமல் இந்த விளையாட்டு இருக்கா? இருந்தால் சொல்லுங்கோ.

பழையபெட்டி

இருக்கிறது. அறிவியல் புனைகதை எழுதிய எச். ஜி. வெல்ஸ் தன் இரண்டு மகன்களோடு தரையில் ஆடிய ஆட்டங்களைப் பற்றி 1911-ல் ஒரு சின்னப் புத்தகமே எழுதினார், ஃப்ளோர் கேம்ஸ் என்று. அதில் முக்கியமாக இரண்டு ஆட்டம். ஒன்றில் தரைதான் கடல், பலகைகள்தான் தீவுகள். கப்பலில் போய்க் கண்டுபிடித்துக் குடியேறுவது. மற்றொன்றில் நகரம் கட்டுவது. பையன்கள் இருவருமே மேயராக இருக்க வேண்டும் என்று அடம் பிடித்ததால் பெரும்பாலும் இரட்டை நகரங்கள்தான். கடைகள், நகர மன்றம், ரயில் நிலையம், மிருகக்காட்சிசாலை என்று எல்லாம் உண்டு. அந்தப் புத்தகத்தில் அவர் பொம்மை செய்பவர்கள்மேல் கோபப்படுகிறார்: எங்கே பார்த்தாலும் சிப்பாய்களையே விற்கிறீர்கள், சாதாரண ஜனங்களைச் செய்து கொடுங்கள் என்று.

இரண்டு வருடம் கழித்து, 1913-ல், லிட்டில் வார்ஸ். அது முழுக்கப் போர் ஆட்டம். ஆனால் அதன் கடைசிப் பகுதியில், இந்தப் பொம்மைப் போரையே இவ்வளவு சொதப்புகிறோம் என்றால் நிஜப் போர் எவ்வளவு பெரிய மடத்தனமாக இருக்கும் என்கிற மாதிரிதான் எழுதுகிறார். அடுத்த வருடம் நிஜமே வந்துவிட்டது.

மேல்படி

சாதாரண ஜனங்கள் கிடைக்கவில்லையா! வெல்ஸ் ஐயா நவராத்திரி சமயத்தில் மதுரை பக்கம் விளாச்சேரிக்கு வந்திருக்க வேண்டும். கல்யாண செட், கிரிக்கெட் செட், கிராமத்துச் சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் மண்ணில் செய்து அடுக்கியிருப்பார்கள். மளிகைக் கடையோடு உட்கார்ந்திருக்கும் செட்டியார் எங்கள் வீட்டில் என் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறார்.

கொலுவுக்கு முன்னால் பூங்கா போடுவோம் இல்லையா, அதை எங்கள் வீட்டில் வருடா வருடம் பிள்ளைகள் கையில் விட்டுவிடுவேன். மண் பரப்பி கடுகும் கேழ்வரகும் தூவினால் நாலைந்து நாளில் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி குளம். பேரன் அதில் மலைக்கோட்டை, பாலம், ரயில் என்று போட்டு, போன வருடம் ஊர் எல்லையில் பிளாஸ்டிக் சிப்பாய்களையும் நிறுத்திவிட்டான். மருமகளுக்குப் பிடிக்கவில்லை. நான் தசாவதாரத்திலேயே எத்தனை சண்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஒரே தொல்லை அளவுதான். செட்டியார் மலையைவிட உயரம்.

தூரிகைக்காரன்

அம்மா, அளவுக்கு வழி இருக்கிறது. பெரியவரைக் கோயில் சிலையாக்கிவிடுங்கள், குட்டி ஜனங்கள் அவரைச் சுற்றி வரட்டும்!

தேங்காய் நார் கால்மிதியை வெட்டிப் பாருங்கள். வயலும் கூரையும் அதில் வருவது போல வேறெதிலும் வராது. மேலைநாட்டு ஆட்கள்கூட இதைத்தான் வாங்கி வெட்டுகிறார்கள். மலைக்குத் தெர்மகோல். ஆனால் ஸ்ப்ரே பெயின்டை நேராக அடித்தால் கரைந்து குழி விழும், சூப்பர் குளூவும் அரித்துவிடும். முதலில் வெள்ளைப் பசையில் செய்தித்தாள் ஒட்டி மூடிவிட்டு அப்புறம் பூச வேண்டும். சென்னையில் மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் வேண்டவே வேண்டாம், ஈரக்காற்றில் மாவு பூத்த மாதிரி ஆகிவிடும். தூரிகையால் பூசுங்கள்.

தாயக்கட்டை

சரி, சண்டை வேண்டும் என்கிறவர்களுக்கு நான் கொஞ்சம் விதி சொல்கிறேன். வெல்ஸின் விதிகள் ரொம்ப எளிது. காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி, குதிரைப்படை 2 அடி. பீரங்கி ஒரு முறையில் நகரலாம் அல்லது நான்கு குண்டு வரை சுடலாம், இரண்டும் கூடாது. பகடை கிடையாது. மரக்குச்சி எறியும் வில்லு வைத்த பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சுட வேண்டும், விழுந்தவன் செத்தான். ஏழு வயதுக்காரி பதினொன்றை வெல்வதற்கு வாய்ப்புள்ள விதி அது. இப்போதைய விதிப்புத்தகங்களில் பெரியவனுக்குத்தான் எல்லாம் மனப்பாடம் இருக்கும்.

இன்னொன்று. சௌத்தாம்ப்டனில் டோனி பாத் என்று ஒருவர் நண்பர்களோடு ஹைபோரியா என்ற கற்பனைக் கண்டத்தில் வருடக்கணக்காகப் போர்த்தொடர் நடத்தினார். ஒவ்வொரு தளபதிக்கும் சீட்டு எடுத்துக் குணம் முடிவு செய்வார். பேராசைக்காரனா, விசுவாசியா, கோழையா என்று. இதை வீட்டில் செய்து பாருங்கள். தங்கையின் தளபதி சோம்பேறி என்று சீட்டு சொல்லிவிட்டால் அப்பாவே வந்து மாற்ற முடியாது. அடுத்த சண்டைக்குள் அவனுக்கு ஒரு கதையே முளைத்துவிடும்.

ஆனாலும், வன்னிமரம் அக்கா, எதிரியே இல்லாத நாடு பிள்ளைகளுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். அது என் எண்ணம்.

வன்னிமரம்

எதிரி இருக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை. என்ர மகளே வைத்துவிட்டாளே. ஆனால் விதியில் ஒன்று சேர்க்க வேணும். சண்டையில் உடைந்த வீடு, பாலம் எல்லாம் அடுத்த சண்டைக்கு முதல் திருப்பிக் கட்டியிருக்க வேணும், மேசையில், கையால். உடைத்த ஆளும் சேர்ந்து கட்ட வேணும். கட்டி முடியும்வரை இரண்டு பக்கமும் படை எடுக்க ஏலாது.

தாயக்கட்டை

இது நல்ல விதி. சண்டையின் விலை தெரியும், படை நகர்த்தும் நேரத்தைவிட ஊர் கட்டும் நேரம் கூடிவிடும். பாலத்தை உடைப்பதற்கு முன்னால் பையன் யோசிப்பான். எடுத்துக்கொள்கிறேன்.

லீட்ஸ்_அப்பா

எல்லோருக்கும் நன்றி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம். இரண்டு தீவுகள், நடுவில் கடல். மகன் தீவில் கோட்டையும் துறைமுகமும். மகள் தீவில் தபால் நிலையம், பள்ளிக்கூடம், "பூனை ஆஸ்பத்திரி". மனைவி எந்தத் தீவிலும் சேர மாட்டேன், கப்பல் கம்பெனி நடத்துகிறேன் என்றாள். இரண்டு தரப்பும் அவளுக்குத்தான் கூலி கொடுக்க வேண்டும். உண்மையில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பையனுக்கு இன்னும் புரியவில்லை.

வார்ஹாமர் பெட்டி அவன் பிறந்தநாளுக்கு ஒன்று வரும், பள்ளியில் ஆட அது தனியாக. தாயக்கட்டை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

பத்திரிகைப் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அப்பா எழுதினால் ஒருதலைப்பட்சமாக இருக்கும் என்று இரண்டு பேருமே இப்போதே புகார். என்ன செய்வது?

பழையபெட்டி

ஒரு பத்திரிகை போதாது, இரண்டு வேண்டும். ட்ரெஷர் ஐலண்ட் எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் செய்தது அதுதான். 1881-82 குளிர்காலத்தில் நுரையீரல் நோய்க்காக ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் தங்கியிருந்தார். மனைவியின் மகன் லாயிடுக்கு 13 வயது. இரண்டு பேரும் மாடி அறைத் தரையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் மலை, ஆறு, சாலை, ஊர் எல்லாம் வரைந்து, குப்புறப் படுத்துக்கொண்டு ஈயச் சிப்பாய்களை நகர்த்தினார்கள். வாரக்கணக்கில் போகும் போர். ஸ்டீவன்சன் அதற்குச் செய்தித்தாள் குறிப்புகள் எழுதினார். கிளென்டரூல் டைம்ஸ் என்று ஒன்று, யல்லோபாலி ரெக்கார்ட் என்று மற்றொன்று. தளபதிகளை வைதும் நக்கலடித்தும் எழுதினார், தன்னையும் விடவில்லை. பிற்பாடு லாயிட் 1898-ல் ஸ்கிரிப்னர்ஸ் இதழில் இதையெல்லாம் வெளியிட்டார்.

ஆகவே மகன் தீவுக்கு ஒன்று, மகள் தீவுக்கு ஒன்று. அதே சண்டையை இரண்டும் வேறுவேறாகச் சொல்லட்டும். நீங்கள் ஆசிரியர் இல்லை, அச்சுக்காரர். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவது மட்டும். மகளுக்குத் தமிழ் எழுத்துப் பழக்க வேண்டும் என்றிருந்தால் அவள் பத்திரிகை தமிழில் வரட்டும். அண்ணன் உளவு பார்க்க வேண்டுமென்றால் தமிழ் படிக்கத்தான் வேண்டும்.

மேல்படி

இந்த ஒரு யோசனைக்கே உங்களுக்குச் சுண்டல் அனுப்ப வேண்டும்.

லீட்ஸ்_அப்பா

கடைசி சந்தேகம். பூனை ஆஸ்பத்திரிக்கு டாக்டர், நர்ஸ், முப்பது பூனை வேண்டுமாம். 1/72-ல் பூனை எங்கே கிடைக்கும்?

தூரிகைக்காரன்

கடையில் தேடாதீர்கள். கெட்டித் தாளை இரண்டாக மடித்து, மடிப்பு மேலே வரும்படி பூனையை வரையச் சொல்லுங்கள். முதுகு மடிப்பில் இருக்க வேண்டும், அங்கே வெட்டக் கூடாது. ஒரு பக்கம் முகம், மறுபக்கம் வால். கால்களுக்குக் கீழே இரு பக்கமும் கொஞ்சம் தாள் விட்டு வெட்டி, அதை வெளிப்பக்கம் மடித்து அட்டையில் ஒட்டினால் நிற்கும். காற்றில் விழுந்தால் அடியில் ஒரு பென்னி நாணயம். டாக்டருக்கு மட்டும் உங்கள் ரோமானியப் பெட்டியில் ஈட்டி இல்லாத ஆள் யாராவது இருந்தால் வெள்ளை பூசிவிடுங்கள்.

வன்னிமரம்

முப்பது பூனைக்கு ஒரு டாக்டர் காணாது. இரண்டு பேருக்கு வெள்ளை அடியுங்கோ.